கூவாத ரயில்

நூற்றுக்கு நூறு வாங்கிய பாடத்தில்தான் ஒருவர் முழு முட்டாளாக முடியும். முப்பத்தைந்து வாங்கியவருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருக்கும். யாரையாவது கேட்டுத் தொலைப்பார். நான் கேட்கவில்லை.

போர்ட் பிளேரில் நான் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் எழுதவைத்த கட்டுரை, 'நான் சென்ற ரயில் பயணம்'. அந்தமானில் ரயிலே கிடையாது. தமிழ் சாரும் ரயிலில் ஏறியவரில்லை. அதனால் என்ன? அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்: ரயில் 'கூ'வென்று கூவியது, புகை கக்கியது, மரங்கள் பின்னால் ஓடின. ஒரே ஒரு வருடம், லிட்டில் அந்தமான் தீவுக்குப் போன கப்பலில் நான் வாந்தியெடுத்த வரலாற்றை உண்மையாக எழுதிப் பார்த்தேன். சார் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, "நடந்ததெல்லாம் யாரு கேட்டா? சொன்னத எழுது" என்றார். கல்வியின் நோக்கம் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. அடுத்த வருடம் நூற்றுக்கு நூறு, பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

பத்தாவது முடித்த விடுமுறையில் மாமாவுக்கு மதுரையில் கல்யாணம். அம்மாவின் ஒரே தம்பி அவர். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்காள் போடவேண்டும். அந்த இரண்டு முடிச்சுக்காக அம்மா மாதக்கணக்கில் பூரித்துக்கொண்டிருந்தாள் (மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குக்கூட இரண்டு முடிச்சு போட்டுப் பழகினாள்). அப்பாவால் கடையை விட்டு வரமுடியவில்லை. அதுவரை எங்கள் மெயின்லேண்ட் பயணமெல்லாம் கப்பலும் பஸ்ஸும்தான். அப்பா ரயில் டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவிடம், "இவளுக்கு ரயிலு அத்துப்படி. நீ பேசாம இவ பின்னால போ" என்றார். அந்தச் சொல்லுக்காக அம்மா அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

சென்னையில் கப்பல் இறங்கி எழும்பூர் போனோம். ரயில் தயாராக நின்றது. எங்கள் பெட்டியையும் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஊர்க் கப்பல்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் என்ன வழக்கம்? வரிசையில் நிற்கவேண்டும், கப்பல்காரர் ஏணி வைப்பார், டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து 'சலோ' என்பார், பிறகுதான் ஏறவேண்டும். ஆகவே அம்மாவைப் பெட்டி வாசலுக்கு எதிரே வரிசையில் நிறுத்தினேன் (இரண்டு பேர் வரிசை). நாகரிகம் தெரியாத ஜனங்கள் எங்களைத் தாண்டித் தாண்டி ஏறினார்கள்.

"எல்லாரும் ஏறுறாங்கடீ. நாமளும் ஜல்தி ஏறிரலாம்" என்றாள் அம்மா.

"அவங்களுக்கு ஒழுங்கு தெரியாதும்மா. நம்மளக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடலன்னா?"

"கூவும்மா. கூவாம ரயில் கிளம்பாது. படிச்சிருக்கேன்ல?"

லாரி ஹாரன் மாதிரி ஏதோ ஒன்று கேட்டது. அது 'கூ' அல்ல என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. புகையும் இல்லை. ரயில் நகர்ந்தது. இடம் மாற்றி நிறுத்தப்போகிறார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினேன் (கப்பலை அப்படிச் செய்வதுண்டு). கடைசிப் பெட்டி போனபிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து மதுரை போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் இரண்டாம் பந்தி. அம்மாவின் இரண்டு முடிச்சையும் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை கோமதி போட்டிருந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. மணப்பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டு அம்மா அழுதாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மாமாதான் கதையைக் கேட்டு, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து சிரித்தார். இன்றும் அம்மா போன் எடுத்தால் அவருடைய முதல் கேள்வி, "என்னக்கா, ஏணி வச்சாச்சா?"

பள்ளிக்கூடம் திருந்திவிட்டதாகச் சொல்கிறார்கள். என் மகளுக்கு இப்போது எல்லாமே அனுபவம் மூலமாகத்தானாம். போன மாதம் ரயில் பாடம். அனுபவமாவது, ஆளுக்கொரு தெர்மாகோல் ரயில் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் ரெடிமேடாகவே விற்கிறது; பிள்ளைக்குக் கிடைக்கும் அனுபவம் அதைத் தூக்கிக்கொண்டு போவது. பெற்றோர் கூட்டத்தில், ஜெட்டி பக்கத்திலேயே இருக்கிறதே, ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப்போய்க் கப்பலையாவது காட்டுங்களேன் என்றேன். சிலபஸில் கப்பல் இல்லை என்றார் டீச்சர்.

நானும் ரெடிமேட்தான் வாங்கினேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. ஏணிய எங்கடீ?"

மகள் சிரிக்கவில்லை. ஐஸ் குச்சிகளை ஒட்டி ஓர் ஏணி செய்து கதவோரம் சாய்த்து எடுத்துப்போனாள். அந்த ரயிலில் அவள் கையால் செய்தது அது ஒன்றுதான். அதற்காக டீச்சர் இரண்டு மார்க் குறைத்துவிட்டார்.