அர்பாப்பின் துப்பாக்கியும் பத்மநாபனின் லீவும்

இந்த வருஷம் ஊருக்குப் போவதில்லை என்று பத்மநாபன் தீர்மானம் செய்துவிட்டார். தீர்மானம் செய்வதில் அவருக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. அதை மனைவி ஜலஜாவிடம் சொல்வதில்தான் சிரமம். ஆகவே சொல்லவில்லை. சொல்லாமலே காரியத்தை முடிக்க ஒரு துப்பாக்கி கிடைத்தது.

துப்பாக்கி அவருடையதல்ல. அவருடைய அர்பாப், அதாவது அரபு முதலாளி, மக்தூமுடையது. துபாயில் டெய்ராப் பேட்டையில் மக்தூம் நடத்திய கம்பெனியில் பத்மநாபன் டைப்பிஸ்ட். ஆங்கில ராணுவ அதிகாரி ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது, தம் வேட்டைத் துப்பாக்கியை மக்தூமிடம் விட்டுப் போயிருந்தார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். ஆனால் அந்த ஒரு தோட்டா கட்டைவிரல் பருமன். கூடவே லேசு, நடு, கனம் என்று மூன்று தினுசுத் தோட்டாக்கள், குறி பார்க்க மூன்று வகைக் கருவிகள், ஒரு தடிப் புத்தகம். ஆகஸ்டில் ஆப்பிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகப்போவதாக மக்தூம் சொன்னார். எந்தத் தோட்டா, எந்தக் கருவி என்று புத்தகத்தைப் படித்துச் சொல்லவும், வேட்டைக்குக் கூட வரவும் ஆள் வேண்டும்.

பக்கத்து மேஜை ஸ்ரீனிவாசன் கையைத் தூக்குவதற்குள் பத்மநாபன் முந்திக்கொண்டார். "என் தாத்தா பெரிய வேட்டைக்காரர், அர்பாப்" என்றார் இந்தியில். தாத்தா கரப்பான்பூச்சியைக்கூட ஆள் வைத்து விரட்டியவர். ஆனால் அவர் மாயவரத்தில் செத்து இருபது வருஷம் ஆகிறது. சாட்சிக்கு வரமாட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நுழைந்தார்.

"என்னன்னா, தலைவலியா?" என்றாள் ஜலஜா.

"லீவுக்கு ஆபத்து வந்துடுத்து. துப்பாக்கி சரியாகற வரைக்கும் நான் நகரக்கூடாதாம்."

"யார் சொன்னா?"

"அர்பாப்."

உண்மையில் அப்படிச் சொன்னவர் பத்மநாபன்தான். அர்பாப் "ஊருக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டதற்கு, "துப்பாக்கி சரியாகாமல் போகமாட்டேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஜலஜா அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள். அவளுடைய அக்கா வசந்தகுமாரி மாயவரத்திலிருந்து எழுதியது. அவருக்கு அது மனப்பாடம். 'ஜெயபாரதிக்கு மூச்சிழுப்பு விட்டு ஒரு வருஷம் ஆகிறது. டாக்டரும் அழைத்துப் போகலாம் என்கிறார். இந்த மே மாதமே வந்து அழைத்துப் போங்கள். இன்னும் ஒரு வருஷம் போனால் அவள் வரமாட்டாள். என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.'

மூன்று வயதில் துபாய்த் தூசியில் மூச்சு முட்டிய தங்கள் பெண் ஜெயபாரதியை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது.

"மேக்குள்ள துப்பாக்கி சரியாயிடுமா?" என்றாள் ஜலஜா.

"பிரயத்தனப்படறேன்" என்றார் பத்மநாபன்.

பிரயத்தனம் என்றால் அப்படி இப்படிப் பிரயத்தனம் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அர்பாப்பின் லேண்ட்ரோவரில் பாலைவனத்துக்குப் போவார். ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் கறுப்பு வட்டம் வரைந்து நூறு தப்படி தள்ளி வைப்பார்கள். மக்தூம் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுவார். குண்டு வட்டத்துக்குக் கீழே விழும். அப்படி விழுந்தால் பின்னாலிருக்கும் குறிவளையத்தை மேலே திருக வேண்டும் என்று புத்தகத்தில் பதினோராம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பத்மநாபன் கீழே திருகுவார். போதாததற்கு அடுத்த வாரம் தோட்டாவையும் மாற்றிவிடுவார். அதற்கடுத்த வாரம் கருவியையே மாற்றிவிடுவார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் குறித்து வைப்பார்.

கனத் தோட்டா போட்ட வெள்ளிக்கிழமை அர்பாப் தோளைத் தடவிக்கொண்டே வீடு திரும்பினார். மூன்றாம் வெள்ளி டெலஸ்கோப்பைப் பொருத்தித் துப்பாக்கியைப் பத்மநாபனிடமே கொடுத்துச் சுடச் சொன்னார்கள். கண்ணை ஒட்ட வைத்துக்கொண்டு சுட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்ததில் டெலஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை நிலா மாதிரி வெட்டிவிட்டது.

மஞ்சளைக் குழைத்துப் பூசினாள் ஜலஜா.

"கண்ணு போயிருந்தா?"

"ஒரு காரியம்னு எடுத்துண்டா இதெல்லாம் உண்டு. இந்தக் கோலத்துல எப்படி ஊருக்குப் போறது, சொல்லு?"

"இன்னிக்குக் குண்டு எங்க விழுந்தது?"

"கீழதான்."

"போன வாரம்?"

"அப்பவும் கீழ."

"போன வாரத் தோட்டாதானே இந்த வாரமும்?"

"இல்லை, மாத்தினேன்."

"டெலஸ்கோப்பும் புதுசு. ஒரே சமயத்துல ரெண்டையுமா மாத்தினேள்?"

"ஆமாம். இதெல்லாம் சயின்ஸ், ஜலஜா. உனக்குப் புரியாது."

கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள் அவள். "சரி" என்றாள். சண்டை போட்டிருந்தால் பத்மநாபன் உஷாராகியிருப்பார். 'சரி' என்றதும் நிம்மதியாகக் காபி கேட்டார்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை அர்பாப் நோட்டைக் கேட்கவில்லை. அங்கிப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அரபியில் எழுதியிருந்தது.

"டெலஸ்கோப் வேண்டாம். வளையம் போடு. நடுத் தோட்டா எடு" என்றார்.

பத்மநாபன் கையிலிருந்த நோட்டை மூடிக்கொண்டார். வயசான கண்ணுக்கு வளையம்தான் சௌகரியம், பழைய தோளுக்கு நடுத் தோட்டாதான் தாங்கும் என்று அவருக்கு முதல் வாரமே தெரியும். அதனால்தான் அந்த இரண்டையும் ஒரு நாளும் சேரவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குண்டு வட்டத்துக்குக் கீழே விழுந்தது. பத்மநாபனின் கை தானாகத் திருகாணிக்குப் போயிற்று. மக்தூம் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதே. ஐந்து குண்டு சுடுகிற வரைக்கும் எதையும் தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறது."

ஐந்தும் சுட்டார். போய்ப் பார்த்தால் வட்டத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குள் ஐந்து ஓட்டைகள். வட்டத்தின் நடுவிலிருந்து அவை எவ்வளவு கீழே என்று மக்தூம் விரலை வைத்து அளந்தார். எட்டு விரற்கடை. விரற்கடைக்கு ஒரு திருகு என்று காகிதம் சொல்லிற்று. மேலே திருகினார். கடக், கடக் என்று எட்டுத் தடவை. ஒவ்வொரு கடக்குக்கும் மாயவரம் கொஞ்சம் கிட்டே வந்துகொண்டிருப்பதாகப் பத்மநாபனுக்குத் தோன்றிற்று.

ஆறாவது குண்டு வட்டத்தின் நடுவில் பாய்ந்தது.

"கலாஸ், முடிந்தது" என்றார் மக்தூம். இரண்டு கையாலும் பத்மநாபனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "உன் பீவி, ஜலஜா, உம்மு சல்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். நீ ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்கைக் கண்டுபிடித்துவிட்டாயாம். என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறாயாம்."

உம்மு சல்மா அர்பாப்பின் மனைவி. அவருடைய பெண்களுக்குச் செவ்வாய்தோறும் ஜலஜா இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். புருஷனை வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் பார்க்க முடியவில்லையே என்று அந்த அம்மாளுக்கும் குறை. இரண்டு குறைகளும் செவ்வாய்க்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. ஜலஜா சொல்லச் சொல்ல உம்மு சல்மா அரபியில் எழுதிக்கொண்டதுதான் அந்தக் காகிதம்.

"நான் கண்டுபிடிக்கவில்லை" என்று பத்மநாபன் சொல்ல முடியுமா? சொன்னால், ஐந்து வாரம் என்ன செய்தாய் என்ற கேள்வி வரும்.

"நாளைக்கே லீவு. இரண்டு மாசம்" என்றார் மக்தூம். "ஆப்பிரிக்காவுக்கு ஸ்ரீனிவாசன் வரட்டும்."

வீட்டில் ஜலஜா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கத்தினார் பத்மநாபன். "நான் பிசகாப் பண்றேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நோட்டைப் பார்த்தேன்."

"பார்த்தா? எனக்குத் துப்பாக்கி பழக்கமா என்ன? தெரியாமப் பண்ணியிருக்கக்கூடாதா?"

"அஞ்சு வருஷம் பிராக்டிகல் நோட்டு திருத்தினவ நான். தெரியாமப் பண்றவா நோட்டுல நடுவுல ஒண்ணு ரெண்டு தப்பித் தவறி சரியா வந்துடும். உங்க நோட்டுல ஒண்ணுகூட சரியில்லை. எல்லாம் தெரிஞ்சவரால மட்டும்தான் இப்படி எழுத முடியும்."

பத்மநாபன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜலஜா புடவையை மடித்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எதுக்குன்னா பயப்படறேள்?"

"போன தடவை அவளைத் தூக்கினேனே, ஞாபகம் இருக்கா? திருடன் தூக்கின மாதிரி அலறினா. உங்கக்கா வந்து வாங்கிண்டப்புறம்தான் அழுகையை நிறுத்தினா. பாக்கி இருபது நாளும் நான் லைப்ரரியில போய் உட்கார்ந்திருந்தேன். உன்கிட்ட சிநேகிதாளைப் பார்க்கப் போறேன்னு சொன்னேன்." புருவத்துப் பிறையைத் தடவிக்கொண்டார். "காட்டெருமைக்குப் பயமில்லை ஜலஜா. அந்தக் குழந்தை என்னைப் பார்க்கற பார்வைக்குத்தான் பயம்."

ஜலஜாவின் கண்ணிலிருந்து நீர் புடவை மேல் விழுந்தது. துடைத்துக்கொள்ளாமல் அதையே மடித்தாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? நான்தானே அவளைப் பெத்தவ. எனக்குப் போய் உட்கார லைப்ரரிகூட இல்லை."

பத்மநாபன் எழுந்து போய்த் தன் சட்டைகளை எடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மே மாதம் நாலாந்தேதி காலை மாயவரத்தில் ரயிலை விட்டு இறங்கினார்கள். வீட்டு வாசலில் குதிரை வண்டி நின்றது. கதவைத் திறந்தது ஜெயபாரதி. இரட்டைப் பின்னல். முன்பல் ஒன்று விழுந்து முளைத்திருந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அலறவில்லை. நன்றாக வளர்க்கப்பட்ட குழந்தை.

"வாங்கோ மாமா. வாங்கோ மாமி" என்றாள். "அம்மா குளிச்சிண்டிருக்கா. உட்காருங்கோ, வந்துடுவா."

விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த நாற்காலிகளைக் காட்டினாள். இருவரும் உட்கார்ந்தார்கள். குழந்தை தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். பத்மநாபனின் மடியில் துபாய் பொம்மை ஒன்று காகிதம் பிரிக்காமல் இருந்தது.

"பார்த்தியா?" என்றார். "இதுக்குத்தான் நான் வரமாட்டேன்னேன். கூப்பிட்டு, நான் மாமா இல்லைம்மா, அப்பான்னு சொல்லட்டுமா?"

ஜலஜா அவர் கையைப் பிடித்து நாற்காலியிலேயே அழுத்தி வைத்தாள்.

"அஞ்சு தடவை மாமான்னே கூப்பிடட்டும்" என்றாள். "அதுவரைக்கும் எதையும் திருகாதேள்."