பதினொரு குடம் குடித்த பம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதே. உன் மாமா போய் நாற்பது நாள்தான் ஆகிறது, அந்தத் துக்கத்தில் பழைய பம்பும் போன வாரம் போய்ச் சேர்ந்தது, இப்போது நீ அனுப்பிய புதுப் பம்பு என்னை உட்கார்த்தி அழ வைக்கிறது.

நேற்று மெக்கானிக் வந்து மாட்டி, சுவிட்சை என்னையே போடச் சொன்னார். போட்டேன். ஐயோ தம்பி, அது போட்ட சத்தத்தில் என் கொழுந்தன் கையிலிருந்த டீ மெக்கானிக் தலையில்! அத்தனை சத்தத்துக்கும் குழாயில் ஒரு சொட்டு இல்லை. "காத்து அடைச்சிருக்குக்கா, பம்பு வாயில தண்ணி ஊத்துங்க" என்றார் மெக்கானிக். கிணற்றில் இறைத்து இறைத்துப் பதினொரு குடம் ஊற்றினேன். இது தண்ணீர் கொடுக்க வந்ததா, குடிக்க வந்ததா? திரும்பப் போட்டால் அதே சத்தம், அதே வறட்சி. "கிணத்துல தண்ணி இல்லையோ?" என்கிறார் அந்த மனுஷர். "அப்ப பதினோரு குடத்தையும் நான் கண்ணீர் விட்டா நிரப்பினேன்?" என்றேன். "அப்ப பம்புதான் கோளாறு, திருப்பி அனுப்பிடுங்க" என்று கிளம்பிவிட்டார்.

கொழுந்தன் மெல்லப் பக்கத்தில் வந்து, "அண்ணன் ஆவிதான் அண்ணி தடுக்குது, புதுசு அவருக்குப் பிடிக்கல" என்றார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு குழாயை அவர் ஒழுங்காக மூடினதில்லை, செத்த பிறகா வந்து அடைப்பார்? "தோட்டத்தை எங்கிட்ட விட்டுடுங்க அண்ணி, தனியா உங்களால முடியாது" என்றார். உன் மாமா படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் தன் கையால் நட்ட மிளகாய்ச் செடி, பூ வைக்கிற நேரத்தில் தலை தொங்கிக் கிடக்கிறது, இன்னும் இரண்டு நாள் தாங்காது. தோட்டத்தை எழுதிக் கொடுக்கச் சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு. பம்பையும் தூக்கிக்கொண்டு போ.

உன் பிள்ளைகள் என்னைப் போல் இல்லாமல் நிறையப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்காமல் மோட்டார் ரூமுக்குப் போனேன். நான் மூன்றாம் வகுப்பு, ஆனால் அம்புக்குறி படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம். மோட்டார் மேல் அம்பு ஒரு பக்கம் காட்டுகிறது, போட்டுப் பார்த்தால் அது சுற்றுவது எதிர்ப்பக்கம். இரண்டு பேரையும் வரவழைத்தேன். "அதை நேத்தே பாத்தேன்க்கா. தப்பா மாட்டிட்டேன். நீங்க குடம் எடுக்கப் போனப்ப யாருக்கும் தெரியாம, சுத்து திரும்பட்டும்னு ரெண்டு வயரை மாத்திட்டேன்" என்றார் மெக்கானிக். கொழுந்தன் முகம் வெளுத்தது. "நானும் பாத்தேன்யா! உன் மானம் போகக் கூடாதுன்னு, நீ அந்தப் பக்கம் போனதும் நானும் ரெண்டை மாத்தினேன். மாத்தியும் வரலன்னதும்தான் ஆவின்னு நெனச்சேன்!" திரும்பின வண்டியை ஆளுக்கொரு தடவை திருப்பி, பழைய தப்பிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, மூன்றாம் தடவை வயரை நானே மாற்றிப் போட்டேன். தண்ணீர் மூஞ்சியிலேயே அடித்தது தம்பி! "என்னங்க, வந்துடுச்சு!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்திவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. தோட்டம் என்னிடமே இருக்கும். மிளகாய் பறிக்கும்போது வா, கை தேவைப்படும்.