ஜனனியைத் தேடப் போன வேன்

இளவயதினருக்காக எழுதப்படும் ஆங்கில நாவல்களில் அம்மாக்கள் நீண்ட நாள் உயிரோடு இருப்பதில்லை. மாயாஜாலக் கதை என்றால் முதல் அத்தியாயம் முடிவதற்குள் செத்துப்போவார்கள். காதல் கதை என்றால் சாகமாட்டார்கள். ஆனால் வீட்டிலும் இருக்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் ஆக்லாந்துப் பேருந்துகளில் தூங்கி வழிந்தபடி நான் இந்த ரக நாவல்களை மூட்டை மூட்டையாக வாசித்தேன். செத்துப்போன அம்மாக்களை நினைத்து ஒரு நாளும் அழுகை வந்ததில்லை. பொறாமைதான் வந்தது. அவர்களாவது காலை நீட்டிப் படுத்திருக்கிறார்களே.

அப்போது நான் த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நின்றுகொண்டிருந்தேன். (வேலை பார்த்தேன் என்றும் எழுதலாம். ஆனால் என் கால்களுக்கு ஞாபகம் இருப்பது நின்றதுதான்.) கணவர் குகன் மனுகாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். ஒருவர் வீட்டுக்குள் வரும்போது மற்றவர் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார். எங்களுக்கு நடுவே பதினான்கு வயது சுபா, நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு, நூலகத்துத் தடித்த புத்தகங்களுக்குள் முகத்தைப் புதைத்தபடி வளர்ந்துகொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகங்களின் அட்டையில் எப்போதும் ஒரு பெண்ணின் தலைமயிர் காற்றில் பறந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளை என்னத்தை வாசிக்கிறாள் என்று கண்காணிக்கத்தான் முதல் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கூடவே ஓர் அகராதியும் வந்தது. சில மாதங்களில் அகராதி வீட்டிலேயே தங்கிவிட்டது. சுபா முடிப்பதற்கு முன்பே நான் முடித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். வெளியில் மட்டும் கண்காணிப்பு என்றே சொல்லிக்கொண்டேன்.

நிறைய வாசித்தால் அபிப்பிராயங்கள் முளைத்துவிடும். காதல் நாவல்களில் வரும் பையன்கள் நேராக நிற்பதே இல்லை. சுவரிலோ மோட்டார் சைக்கிளிலோ சாய்ந்துதான் நிற்பார்கள். (நாள் முழுக்கச் சாயாமல் நிற்பவளுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எழுதியவருக்குத் தெரியாது.) கதாநாயகி கண்ணாடியைப் பார்த்துத் தான் அழகில்லை என்று பக்கம் பக்கமாக வருந்துவாள், அவள் பேரழகி என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மாயாஜாலக் கதைகளில் மாதக்கணக்கில் குதிரையில் போவார்கள். ஒருவரும் உடுப்புத் தோய்ப்பதில்லை. பெயர்களோ, எழுத்துகளைக் கொட்டிவிட்டு அள்ளியது போல இருக்கும்.

ஆனால் என் பெரிய மனக்குறை வேறு. பதினாறு வயதுப் பெண்பிள்ளை வீட்டைவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறாள். ஊர் இருக்கிறது, அயலவர்கள் இருக்கிறார்கள், ஒரு மனிதர்கூடத் தேடிப் போவதில்லை. பிள்ளை போனால் போகட்டும் என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். இதை ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் சாப்பாட்டுத் தட்டோடு, யாரும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் செல்வராஜு அண்ணையின் காதில் விழுந்தது.

செல்வராஜு அண்ணை மலேசியாக்காரர். கிளென்ஃபீல்டில் வீடு. வாரநாளில் பொறியாளர், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் சமூக வானொலியில் ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சியை நடத்துபவர்.

"சிஸ்டர், இதையே ரேடியோவில வந்து பேசுங்க லா," என்றார். "நம்ம பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு பெற்றவங்களுக்குத் தெரியணும்ல."

"எனக்கு உதெல்லாம் பழக்கமில்லை அண்ணை."

"ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா இங்கிலீஷ் பேரு வேணாம். வயசானவங்க கேக்கிறாங்க, புரியாது. தமிழ்ப் பேரா மாத்திடுங்க. ஊரையும் நம்ம ஊரா மாத்திடுங்க. அப்பத்தான் மனசுல ஒட்டும்."

சொன்னதை அப்படியே செய்வது என் பழக்கம். நான் அப்போது பாதி வாசித்திருந்த மாயாஜாலக் கதையின் நாயகிக்கு ஜனனி என்று பெயர் வைத்தேன். அவள் நண்பனுக்கு ரவி. ஊரை த்ரீ கிங்ஸ் ஆக்கினேன். காட்டை, நகரத்துக்கு மேற்கே இருக்கும் வைட்டாக்கரே காடு ஆக்கினேன். அரசனை நீக்கிவிட்டேன். குதிரை வந்த இடத்தில் வேன் போட்டேன்.

அந்த ஞாயிறு எனக்குத் தடிமன். மூக்கடைத்து, தொண்டை கட்டி, காலை வேலையை முடித்துக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போயிருந்தேன். வெளியே நல்ல குளிர்கால மழை. செல்வராஜு அண்ணை முறையாகத்தான் அறிமுகம் செய்தார். புத்தகங்களைப் பற்றிய பேச்சு என்று தெளிவாகச் சொன்னார். பிறகு ஒரு பாட்டுப் போட்டார். நீளமான பாட்டு. நம்மவர்கள் எதற்கும் பிந்தி வருபவர்கள், வானொலிக்கும் அப்படித்தான். பாட்டு முடிந்து நான் பேசத் தொடங்கியபோதுதான் பாதிப் பேர் வானொலியைப் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டது இதுதான்: "ஜனனிக்கு வயது பதினாறு. தாய் இல்லை. தகப்பன் வேலை, வேலை என்று பிள்ளையைக் கவனிக்கவில்லை. எங்கள் த்ரீ கிங்ஸில் இருந்த பிள்ளை, ரவி என்ற பெடியனோடை வைட்டாக்கரே காட்டுக்குள்ளை போனவள் போனவள்தான். மழை பெய்யுது. குளிருது. சாப்பாடில்லை. நான் கேட்கிறேன், இந்த ஊரிலை மனிசர் இல்லையா? ஒரு வேன் இல்லையா? ஒருவராவது அந்தப் பிள்ளையைத் தேடிப் போனீர்களா?"

தடிமன் குரல், கேட்பவர்களுக்கு அழுகைக் குரலாக இருந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வராஜு அண்ணை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நிகழ்ச்சி முடிந்த உடனேயே நிலையத்துத் தொலைபேசி அடித்தது. எனக்குத்தான் அழைப்பு. ராணியக்கா. எங்கள் வீட்டுத் தெரு முனையில் பாலும் பாணும் விற்கும் டெய்ரி அவர்களுடையது. அவரும் கணவர் முத்துலிங்கம் அண்ணையும் காலை முதல் இரவு வரை கடையில்தான் இருப்பார்கள். வானொலி பாடிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர்களுக்கு இடையில் காதில் விழுவது விழும்.

"தங்கச்சி, நீர் சொன்ன பிள்ளை ஜனனி, என்ன உடுப்புப் போட்டிருந்தவ?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு நாளில் என் அபிப்பிராயத்தைக் கேட்டு மேலதிகமாகக் கேள்வி கேட்ட முதல் ஆள்.

"நீல நிறத்திலை நீளமா ஒரு அங்கி அக்கா. தலையை மூடத் தொப்பியும் இருக்கு."

"நீல றெயின்கோட்டாம்," என்று ராணியக்கா யாரிடமோ சொன்னார். பிறகு என்னிடம், "பெடியன் எங்கடை ஆக்களோ?"

"பார்க்கிறதுக்கு நல்ல பிள்ளை மாதிரித்தான் இருப்பான். ஆனால் உண்மையிலை அவன் ஒரு ஓநாய் அக்கா."

ராணியக்கா பெருமூச்சு விட்டார். "எல்லாரும் அப்பிடித்தானே. கடைசியா எவடத்திலை கண்டது?"

"ஒரு அருவிக்குப் பக்கத்திலை."

"சரி, வைக்கிறன்," என்றார். நல்ல வாசகி, ஆனால் அவசரக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சோஃபாவில் விழுந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். குகன் உலுக்கி எழுப்பினார். கையில் தொலைபேசி. மறுமுனையில் மீண்டும் ராணியக்கா.

"தங்கச்சி, இவர் இன்னும் வரேல்லை. கடையைப் பூட்டிப்போட்டு, வேனிலை இன்னும் மூண்டு பேரை ஏத்திக்கொண்டு போனவர். மழையும் கூடிப்போச்சு. பிள்ளையைப் பற்றி உமக்கு ஏதும் தகவல் வந்ததோ?"

முத்துலிங்கம் அண்ணை பகலில் கடையைப் பூட்டியதாக நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. நித்திரை கலைந்து, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து உறைத்தது.

"அக்கா," என்றேன். "ஜனனி, புத்தகத்திலை வாற பிள்ளை."

"எந்தப் புத்தகம்?"

"சுபா லைப்ரரியிலை எடுத்த புத்தகம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்கு ஆஸ்துமா இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

குகன் காரை எடுத்தார். பின் இருக்கையில் சுபா, அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. "அவள் உண்மையான பிள்ளை என்றா சொன்னீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இரவு வேலைக்குப் போகும் முன் தூங்குவதற்குக் குகனுக்கு இருந்த நேரம், துடைப்பான்கள் அசையும் கண்ணாடிக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்தது.

காட்டு முகப்பில் வாகனங்கள் நிறுத்துமிடத்தில் டெய்ரி வேன் ஆளில்லாமல் நின்றது. அதன் அருகே நாயோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. காட்டில் நடக்க வந்தவர்கள், நம்மவர்கள் சொன்னதைக் கேட்டு அவர்களும் ஜனனியைத் தேடிக் களைத்திருந்தார்கள். நாய்கூடக் களைத்திருந்தது. அவர்களிடம் செய்தி கேட்டு வந்த வனக்காவலர் ஒருவர், போலீசைக் கூப்பிடுவதற்காகக் கையில் பேசும் கருவியை எடுத்துவிட்டார்.

நாவல்களில் படித்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு அவரிடம் போனேன். வந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அவள் ஒரு புத்தகம் என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சுபா குறுக்கே வந்து, அட்டையைக் காட்டி, ஆரம்பத்திலிருந்து விளக்கினாள். அவர் கருவியை இறக்கினார். சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சுபாவிடம் மெதுவாகக் கேட்டார்: "உள்ளே போன நாலு ஆண்கள்? அவர்களாவது உண்மையா?"

அவர்கள் உண்மைதான் என்றதும், விளக்கை எடுத்துக்கொண்டு குகனோடு உள்ளே போனார். நாங்கள் மழையில் நின்றோம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. காட்டுக்குள் எங்கேயோ ஓர் அடைத்த குரல், "ஜனனி, பிள்ளை ஜனனி" என்று கூப்பிடுவது கேட்டது. நடுநடுவே இருமியது. சுபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து வருடக்கணக்காகியிருந்தது. ஆனால் அதை நினைத்து மகிழ முடியாத அளவுக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

முத்துலிங்கம் அண்ணை இரண்டு பேரின் தோளில் தொங்கியபடி வந்தார். சறுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கியிருந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு. கோட்டுக்குள் வயிற்றோடு எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். ஒரு போர்வையும் இரண்டு பிஸ்கட் பெட்டிகளும். அவர் முழுக்க நனைந்திருந்தார், போர்வை நனையவில்லை.

"பிள்ளை பசியோடை இருக்கும்," என்றார் என்னைக் கண்டதும். "இன்னும் காணேல்லை தங்கச்சி."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கூட வந்த மூவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு திசையில் திரும்பிக்கொண்டார்கள். முத்துலிங்கம் அண்ணை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காட்டுக்குள்ளை ஒரு பிள்ளையும் இல்லை?"

"இல்லை அண்ணை."

"நல்லது," என்றார். வேனில் ஏறி உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை வெளியே ஊற்றினார். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு கேட்டார்: "கடைசியிலை அந்தப் பிள்ளை கிடைச்சுதோ?"

"தெரியாது அண்ணை. நான் பாதிதான் வாசிச்சனான். மொத்தம் மூன்று பாகம்."

அதுவரை வராத கோபம் அப்போதுதான் அவருக்கு வந்தது. "முடிவு தெரியாமலோ ரேடியோவிலை கதைச்சனீர்?"

சுபாதான் வேனுக்குள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பாகமும் படித்தவள் அவள். "மாமா, நான் சொல்றன்," என்று தொடங்கினாள். தமிழில். வினைச்சொற்கள் எல்லாம் ஆண்பாலும் பெண்பாலும் மாறி விழுந்தன. சூனியக்காரிக்குச் சொல் தெரியாமல் 'கெட்ட அன்ரி' என்றாள். குகனை அப்படியே வேலைக்குப் போகவிட்டு நானும் அந்த வேனிலேயே ஏறினேன். வீடு வரும்வரை அவள் நிறுத்தவில்லை. அண்ணை போர்வையைப் போர்த்திக்கொண்டு, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு, "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓநாய் உண்மையில் நல்லவன் என்று தெரிந்தபோது, "அதை ராணிக்குச் சொல்லவேணும்," என்றார். (எனக்கு மிச்ச இரண்டரைப் பாகங்களின் சுவாரசியமும் அத்தோடு போயிற்று. முறையிடும் நிலையில் நான் இல்லை.)

வானொலிக்கு அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. செல்வராஜு அண்ணை, எந்தக் கதைக்கும் முன்னால் "இது கற்பனை" என்று மூன்று முறை அறிவிக்கத் தொடங்கினார். என் கல்லாவுக்கு வரும் தமிழர்கள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே, "ஜனனி சுகமாய் இருக்கிறாவோ?" என்று விசாரித்தார்கள். சுகம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியது. யார் எந்தச் சோகக் கதையைச் சொன்னாலும், இது உண்மையா, வாசித்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, "வேன் எடுக்கவோ?" என்று கேட்போம். பரீட்சை கடினம் என்று சுபா புலம்பினால் கேட்போம். முதுகு உடைகிறது என்று நான் சொன்னால் குகன் கேட்பார். வேண்டாம், சும்மா சொன்னது என்று பதில் வரும்.

சில வருடங்கள் கழித்து சுபா, காரில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஹாமில்டனில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் அழைத்தாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். குரல் சரியில்லை. வானிலையைப் பற்றிப் பேசினாள். குகன் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, வழக்கமான குரலில் கேட்டார்: "என்ன, வேன் எடுக்கவோ?"



"ஓம் அப்பா," என்றாள். "எடுங்கோ."

எங்களிடம் எந்தக் காலத்திலும் வேன் இருந்ததில்லை. குகன் கார்ச் சாவியைத் தேடினார், நான் அடுப்பை அணைத்தேன்.