குழாய் என்று எழுதக் கூடாத ஆப்பீசு

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் ஒரு சந்து. முப்பத்தேழு வீடுகளுக்கும் சேர்த்து அங்கே ஒரே ஒரு தெருக்குழாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுபோனது. அதே சந்தில்தான் பிச்சைமுத்து குடியிருந்தார். அவருக்கு உத்தியோகம், ஜார்ஜ் டவுனில் தண்ணீர் ஆப்பீசில் கிராணி, அதாவது குமாஸ்தா.

"ஊருக்கெல்லாம் தண்ணி விடுற ஆப்பீசுல உக்காந்து எழுதுறீங்க. நான் குடத்தத் தூக்கிக்கிட்டு கோயில் கெணத்துக்கு நடக்குறேன். ரொம்ப நல்லா இருக்குலா!" என்றாள் அவர் மனைவி புஷ்பவள்ளி. அவளுக்கு ஐந்தாம் மாதம்.

பிச்சைமுத்து குடத்துக்குக் கை நீட்டினார். ஆனால் டை கட்டிய கிராணி குடம் தூக்கினால் சர்க்காருக்கே தலைகுனிவு அல்லவா? ஆகவே குடத்தை மனசால் மட்டும் தூக்கியபடி ஆப்பீசுக்கு விரைந்தார். "குழாய் வேலை செய்யவில்லை. ஆள் அனுப்பவும்" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதி, பெரிய கிராணி அர்ஜுனன் மேசையில் வைத்தார்.

அர்ஜுனன் அதை விரல் நுனியால் திருப்பித் தள்ளினார்.

"என்ன தம்பி இது, பலசரக்குக் கடைச் சீட்டா? சுத்தறிக்கை படிக்கலையா?"

சுற்றறிக்கை அன்று காலைதான் வந்திருந்தது. கிராணிகளின் ஆங்கிலம் எல்லோருக்கும் புரியும்படி இருப்பது மேலிடத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. எனவே அடுத்த மாதம் 'கல்விசார் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை'. தேறாதவர் பியூன். அதுவரை பயிற்சிக்காக, ஒவ்வொரு காகிதத்திலும் குறைந்தது நாற்பது கல்விசார் சொற்கள் இருக்க வேண்டும். வாயை ஒரு தடவை திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும் சொற்கள் அறவே விலக்கப்படுகின்றன.

"அண்ணே, கொழா நின்னுபோச்சு. இதுக்கு மேல என்னத்த எழுதுறது?"

"'டேப்'னு எழுதியிருக்கே. படிக்காத சாயாக் கடைக்காரனும் சொல்லுவான் அத."

"'வாட்டர்' இருக்குல்ல?"

"அது குடிக்கிறவன் வார்த்தை. படிச்சவனுக்கு வேற வார்த்தை இருக்கு. தேடு!"

பிச்சைமுத்து பழைய புத்தகக் கடையில் தலையணை மாதிரி ஒரு அகராதி வாங்கி, நாளுக்கு இருபது சொல் வீதம் விழுங்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது 'டிஸ்கண்டினியூவிட்டி' என்றார். குளிக்க நீர் இல்லாததால் குளிக்கும் நேரத்தில் 'இன்சஃபிஷியன்சி' என்றார். இரண்டாவது மனுவில் பதினொரு சொல்தான் தேறியது, திரும்பி வந்தது. மூன்றாவதில் நாற்பதும் இருந்தன. ஆனால் ஓர் ஓரத்தில் 'பைப்' என்ற சில்லறைச் சொல் எப்படியோ நுழைந்துவிட்டது, அதனால் அதுவும் திரும்பி வந்தது.

இதற்குள் இந்தச் சொல் காய்ச்சல் சந்து முழுக்கப் பரவிவிட்டது. கிணற்றடியில் வரிசையில் நின்ற பெண்கள்கூட ஒருத்தியை ஒருத்தி 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்று திட்டிக்கொண்டார்கள். அடுத்த வீட்டுச் சின்னம்மா அதற்காக ஒரு முழு நாள் அழுதாள்.

மூன்றாம் வாரம் நான்காவது மனு தயாரானது. அதில் நாற்பத்திரண்டு கல்விசார் சொற்கள். குழாய் இல்லை, தண்ணீர் இல்லை, தெருவும் இல்லை. ஆப்பீசின் தலைவரான வெள்ளைக்காரத் துரை அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தார். புரியவில்லை என்று சொல்ல முடியுமா? அவர் ஆங்கிலத்திலேயே பிறந்தவர் ஆயிற்றே! 'மிகச் சிறப்பு' என்று சிவப்பு மையில் எழுதி, முழு மதிப்பெண் போட்டு, மாதிரிக்காக மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.

பிச்சைமுத்து குதித்துக்கொண்டு ஓடினார். "அண்ணே, ஆள் எப்ப வரும்?"

"எதுக்கு ஆளு?" என்றார் அர்ஜுனன்.

"கொழாய்க்கு!"

"எந்தக் கொழா? உன் மனுவுல கொழாயே இல்லையே தம்பி!"

பிச்சைமுத்து டையைத் தளர்த்தியபடி ஆப்பீசின் பின்கட்டுக்குப் போனார். அங்கே ஃபிட்டர் அலாவுதீன் சைக்கிளில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய்! எங்க சந்துல பைப்பு ரோசாக்!"

"ரோசாக்கா? கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கே சொல்றதுக்கென்ன? இத்தன நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க அண்ணே?"

சந்துக்கு வந்தபின் வெற்றிலை மென்று துப்பும் நேரம்தான் ஆனது. அலாவுதீன் பழைய தோல் வாஷரைப் பிடுங்கி எறிந்து, புதிதை மாட்டினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. முப்பத்தேழு வீடும் கூத்தாடியது. புஷ்பவள்ளி முகத்தைக் குழாய்க்கு நேராகக் காட்டிக்கொண்டு சிரித்தாள், கூடவே அழுதாள்.

மறுநாள் துரை ஆப்பீசைக் கூட்டிப் பேசினார். கல்விசார் ஆங்கிலத்தில் மனு எழுதப்பட்டது. அன்று மாலையே நீர் வந்தது. இதைவிட நிரூபணம் வேறென்ன வேண்டும்? பிச்சைமுத்து உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சம்பள உயர்வு என்ற சொல் காதில் விழுந்ததும் மூடிக்கொண்டார். சந்துக்காரர்களும் நம்பிவிட்டார்கள். மனுவின் நகலைக் கண்ணாடி போட்டுக் குழாய்க்கு மேலே மாட்டிப் பொட்டும் வைத்தார்கள்.

பரீட்சையில் பிச்சைமுத்து முதலாவதாகத் தேறினார். உத்தரவில்லாமல் வாஷர் மாற்றிய ஒழுங்கீனத்தை முன்னிட்டு ஃபிட்டர்களுக்கும் அந்தப் பரீட்சை விதிக்கப்பட்டது. விடைத்தாள் திருத்தியவர் பிச்சைமுத்து. அலாவுதீன் எழுதிய 'ரோசாக்' என்ற சொல்லை ஒன்பது இடத்தில் அடித்து, ஒன்பது மதிப்பெண் குறைத்து, பிழைத்துப்போ என்று பாஸ் போட்டார்.

ஆனி மாதம் புஷ்பவள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள், அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருந்த நேரத்தில், குழாய் மறுபடியும் நின்றது.

பிச்சைமுத்து ஒரே ஓட்டமாக ஆப்பீசுப் பின்கட்டுக்கு ஓடினார். "பாய், பைப்பு ரோசாக்!"

அலாவுதீன் டை கட்டியிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எழுத்துல கொடுங்க அண்ணே. நாப்பதுக்குக் கொறையாம."

"அஞ்சு நிமிச வேலை பாய்! பிள்ள பெத்த வீடு!"

"நீங்க சொன்ன வார்த்தைய நீங்களேதான் ஒம்பது தடவ அடிச்சீங்க. இனி அது எனக்குத் தெரியக் கூடாதுலா. தெரிஞ்சா வேலை போயிரும்."

அன்று சாயங்காலம், டை கட்டிய ஒரு கிராணி குடத்தோடு கோயில் கிணற்று வரிசையில் நிற்பதைச் சுங்கை பினாங் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கவலை வேறு.

"எழுதியாச்சா அண்ணே?" என்று கேட்டாள் சின்னம்மா.

"முப்பத்தெட்டு வந்துருச்சு. இன்னும் ரெண்டு வேணும்."

வரிசை மொத்தமும் குடங்களைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தது.