இருநூறு நாற்காலிகள் உள்ள கடை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. அங்கே அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியம் என்று நான் எழுதினால் அது பொய்ச்சாட்சி. வக்கீலிடம் அது கூடாது.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அத்தையும் நானும் சாப்பாட்டு மேசை வாங்கப் போனோம். வாசலில் நின்ற விற்பனைப் பெண், "வாங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று கூடப்பிறந்தவள் மாதிரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மூன்றாவது வரிசையில் உங்கள் அத்தை கண் இருட்டித் தடாலென்று விழுந்தாள், வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது. கையைப் பிடித்தவள் இரண்டடி பின்னால் போய், "தொடக் கூடாது சார், கம்பெனி ரூல்" என்றாள். சரி என்று நானே ஒரு நாற்காலியை இழுத்தேன். மேனேஜர் ஓடி வந்தார் மாப்பிள்ளை, என்ன வேகம்! நாற்காலியைப் பிடித்துக்கொள்ள. "சார், அது டிஸ்ப்ளே பீஸ்." இருநூறு நாற்காலி உள்ள கடையில் அவள் தரையில் கிடந்தாள். தண்ணீர் கேட்டால் ஸ்டாஃபுக்கு மட்டுமாம். ஆம்புலன்ஸையாவது கூப்பிடுய்யா என்றால், "நாங்க கூப்பிட்டா நாங்கதான் காரணம்னு ஆயிடும் சார், ஹெட் ஆபீஸ்ல கேட்டிருக்கேன்" என்கிறார். ஹெட் ஆபீஸ் சாப்பிடப் போயிருந்ததாம். நீயெல்லாம் மனுஷனாய்யா என்று நானும் விடாமல் கத்தினேன். இருபது நிமிஷம் கழித்து, மெத்தை பார்க்க வந்த ஒரு லாரி டிரைவர் அவளை அலாக்காகத் தூக்கித் தன் லாரியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாள் கடையிலிருந்து மெசேஜ்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

போனில் நீங்கள் சொன்னீர்கள்: "அவங்களா விழுந்ததுக்குக் கடை பொறுப்பில்ல மாமா. ஆனா உள்ள வாங்கன்னு கூப்பிட்டவன், விழுந்தப்புறம் உதவிக்கு ஆளக்கூடக் கூப்பிடலைன்னா, அது அவன் பொறுப்புன்னு வாதாடலாம்." வாதாடுங்கள். கண்ணெதிரே ஒரு உயிர் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனைச் சட்டம் சும்மா விடலாமா? நோட்டீஸ் காரமாக இருக்கட்டும்.

மகளுக்கு ஆசீர்வாதம். பேத்திக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு,
வயிறெரியும் மாமா.

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை இடது கையால எழுதுறேன், கோணலா இருந்தா பொறுத்துக்குங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடுன்னு இவர் கத்தின இருபது நிமிஷமும் இவர் கையில போன் இருந்துச்சு. நான் கிடக்கிறத வீடியோ எடுத்துட்டிருந்தாரு. "கொஞ்சம் அசையாம இரு, கேஸுக்கு ஆகும்"னாரு. லாரிக்காரத் தம்பிதான், "போன உள்ள வைய்யா பெரியவரே"ன்னு அதட்டினாரு. கடைய விடுங்க. கட்டின புருஷனுக்கு இந்தச் சட்டம் செல்லுமா? அத மட்டும் எனக்குத் தனியா எழுதுங்க.