பேச்சுத் தேர்வில் நான் ஓட்டிய சைக்கிள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, தம்பி மூவரும் நலம், தூங்குகிறார்கள். நான் நலமில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள், அதில்தான் சிக்கல். வரும் சனிக்கிழமைக்குள் உங்களுக்கு எப்படியாவது உடம்பு சரியில்லாமல் போக வேண்டும்.

கோபப்படாமல் படியுங்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். போன வாரம் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். டியூஷன் சார் முந்தின நாளே சொல்லியிருந்தார்: "உண்மையா பொய்யான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. வாயை மூடினா மார்க் போச்சு." எனக்கு வந்த தலைப்பு சைக்கிள். ரிப்பேர் கடைக்காரர் மகள் ஆயிற்றே, செயின், பெடல், பஞ்சர் என்று பொரிந்து தள்ளினேன். "நீ சைக்கிள் ஓட்டுவாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தை, இல்லை என்று சொன்னால் ஒரே சொல்லில் முடிந்துபோகும், அப்புறம் என்னத்தைப் பேசுவது? தினமும் ஓட்டுவேன் என்றேன். யார் கற்றுக்கொடுத்தது என்றார். அப்பா என்றேன். அவர் அடுத்த கேள்வியைத் தேடிக் காகிதத்தைப் புரட்ட, அந்த இடைவெளிக்குப் பயந்து நான் ஒற்றைக் கையால் ஓட்டுவேன், மேட்டில் ஓட்டுவேன், மழையில் தம்பியைப் பின்னால் ஏற்றிக் குடை பிடித்துக்கொண்டே ஓட்டுவேன் என்று போய்க்கொண்டே இருந்தேன். மணி அடித்துத்தான் என்னை நிறுத்தினார்கள். முழு மதிப்பெண்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். கடை வண்டியைத் தொட்டாலே அப்பா, "அது அடுத்தவங்க வண்டி, கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது?" என்பார்.

தேர்வாளர் அம்மா சும்மா போகாமல் தலைமையாசிரியையிடம் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமை பள்ளியின் சைக்கிள் ஊர்வலம். முதல் வண்டி என்னுடையதாம், ஒரு கையில் கொடியாம். "நீதான் ஒத்தைக் கையால ஓட்டுவியாமே!" என்று கன்னத்தைத் தட்டிய தலைமையாசிரியை, அன்று மாலையே கடைக்கும் வந்துவிட்டார். "பொண்ணுக்கு நீங்கதான் கத்துக்கொடுத்தீங்களாமே! நீங்களும் கூடவே ஓட்டிட்டு வாங்க சார்." நான் புத்தகப்பையோடு பக்கத்தில் நிற்கிறேன். அப்பா என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "ஆமாங்க, நான்தான்" என்றார்.

எனக்காகப் பொய் சொன்னாரே, அதுதான் அத்தை எனக்குத் தாங்கலை. வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. பழைய சாமான்களை வைத்து எனக்கென்று ஒரு வண்டி கோத்துக்கொண்டிருக்கிறார். நீல பெயின்ட் வேறு. சீட் உயரத்துக்கு என்னை நிற்க வைத்து அளவெடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு உண்மையைச் சொன்னால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அதனால், வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, உன் மகளை உடனே அனுப்பு என்று முனகுங்கள். நன்றாக முனகுங்கள். போன தடவை எனக்காகப் பல்வலி வந்தபோது நடுவில் சிரித்துவிட்டீர்கள். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம். அந்த ஒரு சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் உங்கள் இடுப்பு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் வாயாடி

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். "வயிறு சரியில்லையாம்மா?" என்று அப்பா கதவைத் தட்டினார். ஒளித்து வைக்க இடமில்லை. நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். அப்புறம் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து, "எனக்கு மட்டும் ஓட்டத் தெரியுமா?" என்றார். "பதினெட்டு வருஷமா எல்லா வண்டியையும் தள்ளிட்டுத்தான் போறேன். கடைக்காரன் இதை வெளியில சொல்ல முடியுமா? உங்கம்மாவுக்கே தெரியாது. நீ எங்கயோ கத்துக்கிட்டு நல்லா ஓட்டுவேன்னு நெனச்சு, எனக்கும் கத்துக்குடுன்னு உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு மூணு நாளா தூங்கலை." சிரிப்பை அடக்க இருவரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டோம். நீங்கள் நன்றாக ஓட்டுவீர்களாமே, அப்பா சொன்னார்! எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுக்க முதல் பஸ்ஸிலேயே வாருங்கள். வந்ததும் அப்பாவின் வண்டியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் என்னைவிட ரொம்பப் பயப்படுகிறார்.