திறந்த பையும் திரும்பாத எண்ணும்

பாலங்கள் மேற்பார்வைத் துறையின் ஊழியர்கள் பாலங்களைப் பார்க்க வெளியூர் போவார்கள். போகும்போது பெட்டி எடுத்துப் போவார்கள். துறை தோன்றிய நாளிலிருந்து இந்த வழக்கம் யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராமல் நடந்து வந்தது. ஆகவே அதை உடனடியாக மாற்ற வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியது.

இயக்குநர் ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போய்த் திரும்பியிருந்தார். அங்கே விமான நிலையத்தில் ஒரு பயணி, மாதுளம்பழ அளவில் ஒரு துணி உருண்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒரு உதறு உதறி, முதுகுப் பையாக்கி மாட்டிக்கொண்டு நடந்ததைக் கண்ணாரக் கண்டார். மாநாட்டில் என்ன பேசினார்கள் என்பது அவருக்கு மறந்துவிட்டது. பை மறக்கவில்லை. அடுத்த வாரமே 'இலகுப் பயண இயக்கம்' தொடங்கப்பட்டது. "நாம் சுமப்பவையே நம்மை நடக்கவிடாமல் செய்கின்றன" என்று கூட்டத்தில் முழங்கினார். உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள்தான் அதிகம் கை தட்டினார்கள்.

ஆளுக்கு ஒரு பை வந்தது. தன்னுடைய சின்ன உள்பைக்குள் தானே சுருண்டு அடங்கியிருந்த உருண்டை அது. ஸ்டோர்க்காரர் ஒவ்வோர் உருண்டையின் வெளிப்பக்கத்திலும் கறுப்பு மையில் எண் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: 'வழங்கப்பட்ட பை, வழங்கப்பட்ட நிலையிலேயே பேணப்பட வேண்டும்.'

வழங்கப்பட்ட நிலை என்பது சுருண்ட நிலை. அனுபவசாலிகளுக்கு இது உடனே விளங்கிவிட்டது. அவர்கள் வழக்கம்போலப் பெட்டியிலேயே துணிமணிகளை அடுக்கி, நடுவில் பை உருண்டையைத் துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்துப் பயணம் போனார்கள். திரும்பியதும் ஸ்டோர்க்காரர் உருண்டையைப் பார்ப்பார், எண்ணைப் பார்ப்பார், தலையாட்டுவார். ஒரு பைகூடக் கிழியவில்லை என்று இயக்குநர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டியது.

இப்படி அமைதியாக நடந்துகொண்டிருந்த இயக்கத்தைக் கெடுத்தவர் நம் எழுத்தர். சரியாகச் சொன்னால், அவருடைய மனைவி.

அந்த அம்மாள் பஸ்ஸில் ஒரு பகல் தூரத்திலுள்ள ஊரில் பள்ளி ஆசிரியை. மகளும் அவளோடுதான். எழுத்தர் வருஷக்கணக்காக அந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். மகளுக்கு அப்பா என்பவர் விடுமுறை நாளில் வந்து போகும் ஆள். ஒருமுறை அப்படி வந்தபோதுதான் மனைவி அவர் பெட்டியில் உருண்டையைப் பார்த்தாள்.

"என்னங்க இது, காலுறையா?"

"தொடாதே. ஆபீஸ் பை."

"பையா? இதுல என்னத்தை வைப்பீங்க?"

"எதுவும் வைக்கக் கூடாது."

"எதுவும் வைக்காததுக்குப் பேரு பையா?" என்று சொல்லிக்கொண்டே அவள் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள். பை சரசரவென்று விரிந்தது. அவள் அதில் இஸ்திரி போட்ட சட்டைகளையும், கொய்யாப் பழங்களையும், மகள் வரைந்த படத்தையும் வைத்து அவர் முதுகில் மாட்டிவிட்டாள். எழுத்தர் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் நிலையம்வரை நடந்தார். மாட்டியிருப்பதே தெரியவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்ததால் ஒன்றால் மகளையும் இன்னொன்றால் மனைவியையும் பிடித்துக்கொள்ள முடிந்தது. உண்மையில் அது நல்ல பை. இயக்குநர் சொன்னது முழுக்கச் சரி. சிக்கலே அதுதான்.

ஊர் திரும்பியதும் பையை மறுபடி சுருட்டப் பார்த்தார். உள்பை பாதியை விழுங்கியது, மீதியைத் துப்பியது. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, இல்லாத பையை வைத்திருப்பவர்போல நடமாடினார்.

அப்போது பார்த்து இடமாற்ற உத்தரவு வந்தது. மனைவி இருக்கும் ஊருக்கே. போனில் சொன்னபோது அவள் அழுதாள். மகள் போனை வாங்கி, "அப்பா, இனிமே திரும்பிப் போகவே மாட்டீங்கதானே?" என்று கேட்டாள். மாட்டேன் என்றார். பாக்கி இருந்தது பையை ஒப்படைப்பது ஒன்றுதான்.

ஸ்டோர்க்காரர் பையை மேலும் கீழும் பார்த்தார்.

"இது எங்க பை இல்ல."

"நீங்க கொடுத்ததுதான் சார்."

"நான் கொடுத்தது மாதுளம்பழம் மாதிரி இருந்துச்சு. இது முதுகு மாதிரி இருக்கு. எண் எங்க?"

எழுத்தர் தேடினார். உள்பை புரண்டுகொண்டதால் வெளியே இருந்த எண் உள்ளே போயிருந்தது. கையை விட்டுப் புரட்டிக் காட்டினார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் எனக்குத் தேவையில்ல. வெளியில இருக்கணும். எண் இல்லாத பை உங்க சொந்தப் பை. சொந்தப் பையை நான் ஏன் வாங்கணும்?"

"அப்ப எடுத்துட்டுப் போறேன்."

"எப்படிப் போவீங்க? எங்க பை இன்னும் வரலையே."

சத்தம் கேட்டுக் கணக்குப் பிரிவு வந்தது. எல்லோரும் சுருட்டிப் பார்த்தார்கள். கணக்கர் பையின்மேல் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்திருந்தவரை அடங்கியிருந்தது, எழுந்ததும் அதுவும் எழுந்தது. கடைசியில் இயக்குநரே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இது ஒரு கலை" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கையை எடுத்துவிட்டு, "பையில் குறையில்லை. உள்ளே காற்று இருக்கிறது" என்று அறிவித்தார்.

"எந்த ஊர்க் காற்று சார்?" என்று கேட்டார் ஸ்டோர்க்காரர். கிண்டல் இல்லை. எழுதிவைப்பதற்காகத்தான் கேட்டார்.

அன்று மாலையே உத்தரவு வந்தது. துறையில் பையைத் திறந்த அனுபவம் உள்ளவர் எழுத்தர் ஒருவரே என்பதாலும், அத்தகைய அரிய அனுபவத்தை இழக்கத் துறை தயாராக இல்லை என்பதாலும், அவர் 'இலகுப் பயணப் பயிற்சி அலுவல'ராக நியமிக்கப்படுகிறார். அனுபவமுள்ள வேறொருவர் கிடைக்கும்வரை இடமாற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஸ்டோர்க்காரர் முதல் ஆளாக வந்து கை குலுக்கினார்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுத்தர் அன்று போனே செய்யவில்லை.

பயிற்சிக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஊழியர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, மூடிய பையை மடியில் வைத்துக்கொண்டு, திறப்பதன் நன்மைகளைக் கேட்டுவிட்டு மூடிய பையோடு எழுந்து போனார்கள். எழுத்தர் எவ்வளவோ இதமாகப் பேசினார். யாரும் உருண்டையின் நுனியில் கை வைக்கவில்லை. அவருக்கு நேர்ந்த பதவி உயர்வை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் புதிதாக ஒரு பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். கணவன் வேறு ஊரில். முதல் நாளே இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தவள்.

"நிஜமாவே கனம் தெரியாதா சார்?" என்று கேட்டாள்.

எழுத்தர் அவளைப் பார்த்தார். பாவம் என்றுதான் நினைத்தார். அதை மறைப்பதற்கில்லை. அப்புறம் மகளை நினைத்துக்கொண்டார்.

"கொஞ்சமும் தெரியாதும்மா. பயப்படாம திறந்து பாருங்க."

திறந்தாள். சரசரவென்று விரிந்தது. "அட, நல்லாருக்கே" என்று தோளில் மாட்டிப் பார்த்துச் சிரித்தாள். எழுத்தர் அவள் மாட்டிய பையைக் கழற்றும் முன்பே தாளை எடுத்து, 'அனுபவமுள்ள மாற்று ஆள் கிடைத்துள்ளார்' என்று எழுதிவிட்டார். தன் பழைய பையைப் பயிற்சிக் கருவி என்று அறையிலேயே விட்டார். ஸ்டோர்க்காரரும் அதை ஏற்றுக்கொண்டார், கருவிக்கு எண் தேவையில்லை.

புறப்படும் நாளில் வேறொரு பழைய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பயிற்சி அறை ஜன்னலைக் கடந்தார். உள்ளே எதிரில் உட்கார்ந்திருந்த புதுத் தட்டச்சரிடம் அந்தப் பொறியாளர் இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உங்க வீட்டுக்காரரும் வெளியூர்லயா? பயப்படாம திறந்து பாருங்க."

அவள் தன்னைவிட நன்றாகச் சொல்கிறாள் என்று எழுத்தருக்குத் தோன்றியது. நடையை எட்டிப் போட்டார்.